வழிகாட்டுவோன் கடமை யாது?

பெரியோர் கெடுத்ததைச் சிறியோர் திருத்த வேண்டும் என்பது எவ்வகை நீதி? இவ்வினாவை என்னிடம் எழுப்பியவர் கல்விமான் அல்லர். பெங்களூரில் கட்டட வேலை செய்து குடும்பம் நடத்தும் ஒரு தந்தையார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் பயின்றுவந்தாள். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்திலும் சேர்ந்திருந்தாள். அம்மன்றத்து மாணாக்கர்க்கு ஓய்வு நாட்களில் துணைநின்று வழிகாட்டும் பணி எனக்கு வாய்த்திருந்தது. ஒருநாள் மாலை அத்தந்தையார் என்னை வழியில் நிறுத்தி, "ஐயா, ஏரியைக் கெடுத்தது என் மகளா? கெடுத்தவர்கள் மாடியில் இருக்கிறார்கள். இவளை எதற்குச் சாக்கடைக் கரைக்கு அழைத்துப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

அவர் சொல்லில் சினம் இருந்தது. சினத்தினும் மிகுதியாக நியாயம் இருந்தது. நாள்தோறும் மேடையேறிப் பேசிப் பழகிய எனக்கு அன்று ஒரு சொல்லும் எழவில்லை. "பிள்ளைகள் கற்கட்டுமே" என்று எதையோ சொல்லிவிட்டு நடந்தேன். அது விடையன்று என்பதை அவரும் அறிவார், யானும் அறிவேன். காலந்தாழ்ந்தேனும் அவருக்குக் கூற வேண்டிய விடையை இங்கே கூற முயல்கின்றேன். அன்பர்கள் குற்றங்குறை காணின் பொறுத்தருள்க.

அமைப்புகளுக்குக் குறைவில்லை

நம் நாட்டில் இளையோரைச் சுற்றுச்சூழற் பணிக்கு அழைப்பது புதிதன்று. 1976-ஆம் ஆண்டில் இந்திய அரசியற் சட்டத்தில் செய்யப்பெற்ற 42-ஆவது திருத்தம், குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தது. காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் ஆகியவற்றைக் காத்தலும், உயிர்களிடத்து இரக்கங் கொள்ளுதலும் அக்கடமைகளுள் ஒன்று. இரக்கம் என்னும் சொல் சட்டநூலுள் இடம்பெற்றிருப்பது நாம் மகிழ்தற்குரியது. 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழற் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 1993-ஆம் ஆண்டு முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயதுள்ள சிறுவர் சிறுமியர் குழுவாகக் கூடி, தம் ஊரின் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து அறிக்கை அளிக்கும் வழக்கத்தை நாடெங்கும் பரப்பியது. 2001-ஆம் ஆண்டில் நடுவண் அரசு தேசியப் பசுமைப் படை என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்கீழ் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைந்தன.

ஆகவே அமைப்பு உண்டு, சட்டம் உண்டு, பதாகையும் உண்டு. குறை எங்கே உள்ளது? மாணாக்கரை முன்னிறுத்தும் நாம், அவர்கள் உண்மையாகவே முன்னே நடப்பதை விரும்புகின்றோமா என்பதில் உள்ளது.

ஜூன் 5-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டின் பயனாய் எழுந்த நாள் அது. 1973 முதல் உலகச் சுற்றுச்சூழல் நாள் எனக் கொண்டாடப்படுகின்றது. அன்று பள்ளி வளாகத்தில் குழி தோண்டப்படும், சிறப்பு விருந்தினர் வருவார், கன்றின் ஒருபுறம் அவர் கை, மறுபுறம் ஒரு மாணவியின் கை, படம் எடுக்கப்படும். ஏப்ரல், மே மாத விடுமுறையில் நீர் வார்ப்பாரின்றிக் கன்று கருகும். அடுத்த ஆண்டு அதே குழியில் மற்றொரு கன்று. "பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை" என்று பெரியோர் குறைகூறுவர். எந்த மரம் வைக்கலாம், எங்கே வைக்கலாம், விடுமுறையில் யார் நீர் வார்ப்பது என்று அப்பிள்ளைகளை எவரேனும் ஒருமுறை கேட்டதுண்டா? கேளாமல் நட்ட கன்றுக்கு அவர்கள் எங்ஙனம் பொறுப்பாவர்?

எட்டுப் படி ஏணி

ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர் 1992-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்துக்காக ஒரு சிறு நூல் எழுதினார். பொதுப்பணியில் பிள்ளைகளின் பங்கை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அவர் வரைந்து காட்டினார். அடியிலுள்ள மூன்று படிகளைக் கேளுங்கள். முதலாவது, பெரியோர் தம் கருத்துக்குப் பிள்ளைகளைக் கருவியாகக் கையாளுதல். இரண்டாவது, அழகுக்காக அவர்களை நிறுத்தி வைத்தல். மூன்றாவது, பேச இடம் கொடுத்ததுபோற் காட்டி, உண்மையில் எதையும் தீர்மானிக்க விடாமை. இம்மூன்றும் பங்கேற்பே அல்ல என்று அவர் தெளிவாகச் சொன்னார். நம் விழாக்களிற் பல இம்மூன்று படிகளைத் தாண்டி ஏறியதில்லை.

ஏணியின் உச்சிப்படி யாது? பிள்ளைகள் தனித்து நின்று எல்லாவற்றையும் செய்வதன்று. பிள்ளைகளே தொடங்கி, பெரியோரோடு கலந்து முடிவு செய்வதே உச்சிப்படி. இஃது ஊன்றிக் கருதத்தக்கது. சிறியோர்க்கு இடம் விடுதல் என்றாலே பெரியோர் விலகிப் போதல் என்று சிலர் எண்ணுகின்றனர். விலகிப் போவது வேறு. இடம் விட்டு உடன் நிற்பது வேறு.

அதே 1992-ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனிரோ நகரில் உலக நாடுகளின் தலைவர்கள் சுற்றுச்சூழல் குறித்துக் கூடினர். அங்கே செவர்ன் சுசூகி என்னும் 12 வயதுக் கனடியச் சிறுமி, பெரியோர் முன் எழுந்து நின்று, தாங்கள் திருத்த அறியாததை உடைக்காதிருக்குமாறு வேண்டினாள். அவையோர் கேட்டனர், உருகினர், கைதட்டினர். அவ்வாண்டில் காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 356 பங்காக இருந்தது. 2023-ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 421 பங்காயிற்று. கைதட்டல் அக்கணக்கைக் குறைக்கவில்லை. 2018 ஆகஸ்டில் கிரேட்டா துன்பெர்க் என்னும் 15 வயது மாணவி, பள்ளிக்குச் செல்லாமல் சுவீடன் நாட்டு நாடாளுமன்றத்தின் வெளியே அமர நேர்ந்ததும் இதன் தொடர்ச்சியே. பிள்ளைகளைப் புகழ்வது நமக்கு எளிதாக இருக்கின்றது. அவர்கள் சொன்னதைச் செய்வதே அரிதாக இருக்கின்றது.

யான் செய்த பிழை

பிறர் குற்றம் உரைத்தது போதும். என் குற்றத்தையும் உரைக்க வேண்டும்.

2022 ஜூலை முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சில பிளாஸ்டிக் பொருள்களுக்கு நாடு முழுதும் தடை வந்தது. அவ்வாண்டு எம் மன்றத்தார் பள்ளியின் குப்பையை ஏழு நாள் தரம் பிரித்து எடை பார்த்தனர். பார்த்தனர் என்கின்றேன், உண்மையில் எதை எடை போடுவது, எத்தனை நாள் போடுவது, எப்படி எழுதுவது என அனைத்தையும் யானே முடிவு செய்தேன். விளக்கப்படம் யான் வரைந்தது. உரை யான் எழுதியது. மாணவியர் மனப்பாடம் செய்தனர்.

கண்காட்சி நாளில் ஓர் அம்மையார் எங்கள் மேசைக்கு வந்தார். உரையைக் கேட்டுவிட்டு, "நன்று, அம்மா. ஏன் ஏழு நாள் எடை பார்த்தீர்கள்? மூன்று நாள் போதாதோ?" என்று அன்போடு கேட்டார். அம்மாணவி திரும்பி என்னைப் பார்த்தாள். பின்பு, "ஐயாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்.

திங்கள் முதல் ஞாயிறு வரை குப்பை ஒருபடித்தாய் இராது என்னும் எளிய காரணத்தை அவள் தானே கண்டிருப்பாள். சிந்திக்க யான் அவளுக்கு ஒரு நாழிகையும் விடவில்லை. எங்களுக்குப் பரிசு கிடைத்தது. அப்பரிசை வீட்டுக்குக் கொண்டு செல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றிரவு எனக்கு என் ஆலை நாட்கள் நினைவுக்கு வந்தன. பதினெட்டு வயதில் நூற்பாலையில் ரிங் பிரேமில் வேலை கற்கச் சேர்ந்தேன். சுழலும் பாபினில் நூல் அறுந்தால் நொடியில் பிடித்து ஒட்ட வேண்டும். என்னை முதலில் ஏற்ற மேஸ்திரி நல்லவர். நூல் அறுந்ததும் அவரே ஓடிவந்து ஒட்டிவிடுவார். பதினைந்து நாள் கழிந்தும் எனக்கு ஒட்ட வரவில்லை. பின்னர் மற்றொரு மேஸ்திரியின்கீழ் மாற்றப்பட்டேன். அவர் ஒருமுறை செய்து காட்டினார். பிறகு தம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் அருகிலேயே நின்றார். நூல் அறுந்தது, யான் தடுமாறினேன், பஞ்சு சுற்றிக்கொண்டது, அவர் அசையவில்லை. ஆயின் ஒருமுறை என் சட்டைக் கை சுழலும் உருளையை நெருங்கியபோது, கட்டியிருந்த கை மின்னலெனப் பாய்ந்து என்னைப் பின்னுக்கு இழுத்தது. மூன்றாம் நாள் யான் தனியே ஒட்டினேன்.

அவர் கை பின்னால் இருந்தது. கண் என் விரல்மேல் இருந்தது. வழிகாட்டுவோனுக்கு வேண்டிய இலக்கணத்தை எழுத்தறியாத அவரிடமே கற்றிருந்தும், முதுமையில் அதை மறந்துபோனேன்.

அளக்கக் கற்றல்

மறு ஆண்டு வினாவை மாணாக்கரே தேர்ந்தனர். "நம் பள்ளித் தொட்டி நண்பகலுக்குள் ஏன் வறண்டுவிடுகிறது?" என்பதே அவர்கள் வினா. உலகைக் காத்தல் என்னும் பெரும்பேச்சு அதில் இல்லை. கைகழுவச் சென்று நீரின்றித் திரும்பிய பிள்ளைகளின் வினா அது. அதனாலேயே அதில் உயிர் இருந்தது.

ஒழுகும் குழாயின்கீழ் ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தை வைத்தனர். பத்து நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 6 லிட்டர். ஒரு நாளைக்கு 144 லிட்டர். அத்தகைய குழாய்கள் ஐந்து இருந்தன. மொத்தம் 720 லிட்டர். எவரும் குடியாமல், எவரும் கழுவாமல், நாள்தோறும் 720 லிட்டர் நிலத்தில் வீழ்ந்துகொண்டிருந்தது. விடுமுறை நாளிலும் அது ஓய்வதில்லை என்று ஒரு சிறுவன் கூட்டிச் சொன்னான்.

அடுத்து மழை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். இந்த ஒன்றை மட்டும் யான் கூறினேன். மற்றதை அவர்கள் செய்தனர். கூரை 500 சதுர மீட்டர். ஓராண்டில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,50,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 3,60,000 லிட்டர் கைக்கு வரும். இக்கணக்கை முதலில் போட்ட மாணவன் சதுர அடியைச் சதுர மீட்டராகக் கொண்டுவிட்டான்; விடை பத்து மடங்குக்கு மேல் பெருகிற்று. யான் கண்டேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மறுநாள் வேறொரு மாணவி, "இத்தனை நீர் நம் கூரையிலே விழுந்தால் முற்றம் ஏரியாகியிருக்குமே" என்று ஐயுற்றாள். இருவரும் அமர்ந்து பிழையைக் கண்டுபிடித்தனர். யான் அன்றே திருத்தியிருந்தால் விடை சரியாகியிருக்கும். ஐயுறும் பழக்கம் பிறந்திராது.

அளத்தல் ஓர் அறம் என்று யான் துணிகின்றேன். அளவாதான் தன் விருப்பத்தை உண்மை என்று நம்புவான். அளந்தவன் தனக்குப் பிடிக்காத விடையையும் ஏற்க வேண்டியவனாகின்றான். பிடிக்காத விடை எங்களுக்கும் விரைவில் வந்தது.

கணக்கு நம் வாயிலுக்கு வரும்போது

"நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். கழுவிய நீர் எங்கே போகிறது?" என்று மாணாக்கர் கேட்டனர். இங்கேதான் அத்தந்தையாரை யான் வழியிற் சந்தித்தது. அவர் கேள்வி என்னை உறுத்தவே, மறுவாரம் அவர் வீட்டுக்குச் சென்று, "எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளைச் சாக்கடையில் இறக்கமாட்டேன், குழாய் போகும் வழியைக் காட்டத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். அடுத்த ஞாயிறு தாமே வந்தார். சுவரைத் தட்டியும், மூடியைத் தூக்கியும், இருபதாண்டுக் கட்டட அனுபவத்தால் குழாயின் போக்கைக் காட்டினார். பிள்ளைகள் எட்டி நின்று வரைபடம் வரைந்தனர்.

பள்ளியின் சமையற்கூட நீரும் கழிப்பறை நீரும் நிலத்தடிச் சாக்கடையைச் சேரவில்லை. பின்சுவருக்கு அப்பால் மழைநீர் ஓட வேண்டிய இராஜகால்வாயில் திறந்துவிடப்பட்டிருந்தன.

அக்கால்வாய் எங்கே செல்கின்றது? பெல்லந்தூர் ஏரிக்கு. 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பற்றி, நீரில் நெருப்பெழுந்த ஊர் என்று உலகோர் பெங்களூரைப் பற்றிப் பேசக் காரணமான ஏரி அது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் சோப்புக் கழிவும் சேர்ந்து அங்கே வெண்ணுரை மலைபோல் எழுந்து சாலையில் பறந்ததைக் கண்டோர் பலர். 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவ்வேரிகளின் நிலைக்காகக் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் செலுத்துமாறு ஆணையிட்டது. பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் செல்கின்றது. தென்பெண்ணை ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைந்து, தமிழகத்து வயல்களின் வழியே கடலூர் அருகே கடலிற் கலக்கின்றது. எம் பள்ளியிற் கழுவப்பட்ட தட்டின் அழுக்கு, முகமறியாத ஓர் உழவரின் வாய்க்காலுக்குச் செல்கின்றது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள் அப்பெண்.

அறிக்கையின் அப்பக்கத்தைப் பார்த்த பள்ளித் தலைமையார், "குழாய் ஒழுகல், மழைநீர் எல்லாம் நன்றாக உள்ளன. இந்த ஒரு பக்கம் மட்டும் வேண்டாம்" என்றார். அவருக்கு அஞ்ச வேண்டியவை பல இருந்தன. அவரைக் குறைகூற யான் இதை எழுதவில்லை. குறை என்னுடையது. யான் மாணாக்கரிடம் சென்று, "அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம். மற்றவை போதும்" என்றேன்.

அப்பெண் கேட்டாள்: "அப்படியானால் நாங்கள் அளந்தது பொய்யா, ஐயா?"

முந்திய ஆண்டு என் முகத்தைப் பார்த்து விடை தேடிய அதே பெண் இவள். இப்போது என் முகத்தைப் பார்த்து வினாவுகின்றாள். இதற்காகத்தானே யான் பாடுபட்டேன்? பாடுபட்டது பலித்தபோது யானே அஞ்சி அதை அணைக்கப் பார்த்தேன். பிள்ளைகள் வழிநடத்த வேண்டும் என்று நாம் சொல்வது, அவர்கள் அயலான் வாயிலுக்கு வழிநடத்தும் வரையிலேயே என்பது அன்று எனக்கு வெளியாயிற்று. நம் வாயிலுக்கு அவர்கள் வந்து நின்றதும், "சிறுபிள்ளைகளுக்கு என்ன தெரியும்" என்கின்றோம்.

மறுநாள் யான் முன்னும் அவர்கள் பின்னுமாகத் தலைமையாரிடம் சென்றோம். "இக்கணக்கு சரி என்பதற்கு யான் பொறுப்பு, இதனால் வரும் பழிக்கும் யான் பொறுப்பு" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். பேச்சு நெடுநேரம் நடந்தது. ஈற்றில், அப்பக்கம் குற்றச்சாட்டாக இல்லாமல் வேண்டுகோளாக எழுதப்பட்டு அறிக்கையில் நின்றது. ஒழுகிய குழாய்கள் அம்மாதமே திருத்தப்பட்டன. கழிவுநீர்க் குழாய் சாக்கடையோடு இணைக்கப்பட ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதற்குள் அப்பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டனர். ஏரி இன்னும் தூய்மையாகவில்லை. ஒரு குழாய் மட்டும் திரும்பியிருக்கின்றது.

துடைப்பம் யார் கையில்?

இவ்விடத்து மற்றொன்றையும் மறைக்காமற் கூறல் வேண்டும். தூய்மைப்பணி என்று பள்ளியில் அறிவித்ததும் துடைப்பம் எந்தப் பிள்ளைகளின் கைக்குச் செல்கின்றது என்று உற்று நோக்குங்கள். ஒலிபெருக்கி எந்தப் பிள்ளைகளின் கைக்குச் செல்கின்றது என்றும் நோக்குங்கள். பல தலைமுறையாக ஊரின் அழுக்கைச் சுமத்தப்பெற்ற குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்கு வந்தும் குப்பை அள்ள, மற்றப் பிள்ளை தூய்மையைப் பற்றிச் சொற்பொழிவாற்றுமாயின், அங்கே சுற்றுச்சூழற் கல்வி நடைபெறவில்லை. பழைய கொடுமையே பச்சை வண்ணம் பூசிக்கொண்டு நிற்கின்றது. அத்தந்தையாரின் சினத்தில் இந்த அச்சமும் கலந்திருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஆதலின் எம் மன்றத்தில் ஒரு நெறி வகுத்தோம். எடை போடுதல், எழுதுதல், கணக்கிடுதல், பேசுதல், கூட்டுதல் ஆகிய ஐந்தும் வாரந்தோறும் முறைவைத்து மாறும். எவருக்கும் விலக்கில்லை, எனக்கும் இல்லை. கழிவறையைத் தூய்மை செய்வது மாணாக்கர் பணியன்று. அதற்குக் கூலியும் கருவியும் பெறும் பணியாளர் வேண்டும் என்பதே எம் கோரிக்கை.

வழிகாட்டுவோர்க்குச் சில சொற்கள்

நிற்க. இப்பணியில் இறங்க எண்ணும் ஆசிரியர்க்கும் அன்பர்க்கும், பட்டு அறிந்த சிலவற்றைக் கூறுகின்றேன்.

வினா பிள்ளைகளுடையதாகவும், அவர்கள் காலடிக்கு அண்மையிலுள்ளதாகவும் இருத்தல் வேண்டும். உருகும் பனிமலையைப் பற்றிப் பதின்மூன்று வயதுப் பிள்ளை அறியட்டும். ஆயின் அவள் கை எட்டக்கூடியது பள்ளிக் குழாயே. கை எட்டாத துன்பத்தை மட்டுமே நாள்தோறும் காட்டினால், பிள்ளையின் நெஞ்சில் அச்சம் மட்டுமே தங்கும். அச்சம் நெடுநாள் தங்கினால் அது வெறுப்பாகவோ சோர்வாகவோ மாறிவிடும்.

உடற்காப்பு முழுவதும் பெரியோர் பொறுப்பு. சாக்கடை நீரைத் தொடுவது, ஆழ்ந்த ஏரிக்கரையில் இறங்குவது, சாலை நடுவில் நின்று எண்ணுவது ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் விடலாகாது. பெற்றோர் இசைவின்றி அழைத்துச் செல்லலாகாது. பொழுது சாயுமுன் வீட்டிற் சேர்த்தல் வேண்டும். தேர்வு நெருங்கினால் ஏரி சில வாரம் காத்திருக்கட்டும். கணக்கிற் பிழை நேர விடலாம். உடலுக்குத் தீங்கு நேர விடலாகாது. கையைப் பின்னால் கட்டியவர் எப்போது கையை நீட்ட வேண்டும் என்பதற்கு இதுவே எல்லை.

புகழ் வரும்போது பின்னே நிற்க வேண்டும். பழி வரும்போது முன்னே வர வேண்டும். இதற்கு மாறாக நடப்போர் உலகில் மிகுதி. பரிசளிப்பில் முன்வரிசையில் அமர்ந்து, விசாரணை வந்ததும் "மாணாக்கர் தாமாகச் செய்தது" என்போர் வழிகாட்டிகள் ஆகார்.

தொடர்ச்சி வேண்டும். ஒன்பதாம் வகுப்பார் தலைமை ஏற்கும்போதே ஏழாம், எட்டாம் வகுப்பாரை உடன் சேர்த்தல் வேண்டும். அளவுப் புத்தகம் ஒன்று பள்ளியிலேயே இருக்க வேண்டும். எம் பள்ளியில் அந்தக் கழிவுநீர்க் குழாய் இணைந்த நாளில் தேதியிட்டு எழுதியவள், அறிக்கை எழுந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்த சிறுமி.

பகவான் புத்தர் இளம் இராகுலனுக்கு அறிவுறுத்திய முறையை நம்மவர் அறிவர். கண்ணாடி எதற்கு என்று முதலில் அவனையே வினவினார். பின்பு, ஒரு செயலைச் செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்தபின்னும், அது தனக்கோ பிறர்க்கோ துன்பமாகுமோ என்று அவனே ஆய்ந்து பார்க்கப் பணித்தார். தம் முகத்தைப் பார்த்து முடிவு செய் என்று கூறவில்லை. குழாய் திறக்குமுன், திறந்திருக்கும்போது, மூடியபின் என்று ஒரு மாணாக்கன் எண்ணத் தொடங்குவானாயின், அவன் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டான்.

விடை

இனி அத்தந்தையாருக்கு வருகின்றேன்.

ஐயா, ஏரியைக் கெடுத்தது உங்கள் மகள் அல்லள். அதைத் திருத்த வேண்டும் என்று அவளுக்குக் கட்டளையிட எனக்கு உரிமை இல்லை. கன்றின் கழுத்தில் நுகத்தை வைத்துவிட்டு எருது நிழலில் படுத்திருப்பது நீதியன்று. நீங்கள் கேட்டது முற்றும் சரி.

ஆயினும், இந்நகரின் நீரைக் குடித்து, இதன் காற்றை உட்கொண்டு, நம்மினும் நெடுங்காலம் இங்கே வாழப்போகின்றவள் அவள். தான் வாழும் வீட்டின் வரவுசெலவை அவளிடமிருந்து மறைக்கவும் எனக்கு உரிமை இல்லை. கணக்கைக் காட்டுவது கடமை. கடனை அவள் தலையில் ஏற்றுவது கொடுமை. இரண்டுக்கும் இடையே உள்ள வழி ஒன்றே. அவள் கேட்கட்டும், அளக்கட்டும், முடிவு சொல்லட்டும். அம்முடிவைக் கேட்டுப் பெரியோராகிய நாம் குழாயைத் திருப்ப வேண்டும். பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடாமை பிள்ளைகளை ஏய்ப்பது. அதிகாரத்தைக் கொடுத்துத் துணையைக் கொடாமை அவர்களைக் கைவிடுவது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடத்திலேயே அவர்கள் வழிநடத்துதல் மெய்யாகின்றது.

இவ்விடையை நீங்கள் எனக்கு முன்பே அறிந்திருந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் தூக்கியது உங்கள் கை. வரைபடம் வரைந்தது உங்கள் மகளின் கை. அருகில் நின்று பார்த்தும், அதைச் சொல்லாக்க எனக்கு இத்துணைக் காலம் ஆயிற்று.

அன்பர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அதன்கீழ்ப் பாத்திரம் வைக்க ஒரு பிள்ளை கேட்டால், முதலில் பாத்திரம் கொடுங்கள். பிறகு அப்பிள்ளை சொல்லும் கணக்கைக் கேட்க அங்கேயே இருங்கள்.